கண்நோய்க் காலத்தில் ஒரு கைராசி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, கண்நோய் பரவுகிற காலத்தில் எப்படி நடந்துகொள்வது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பாடத்தில் இருப்பதை நான் திருப்பி எழுதப்போவதில்லை. அதை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள், என்னைவிட நன்றாகவும் படித்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக் காலம் ஒன்றில் எங்கள் சிகிச்சை அறையில் நடந்த சங்கதி. அதில் கண்நோயும் இருக்கிறது, என் வயிற்றெரிச்சலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. கலந்தே தருகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்பிட்டிக் கரையோரத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. நான் தாதியாகப் போய்ச் சேர்ந்தது அங்கே, ஓய்வு பெற்று வெளியே வந்ததும் அங்கேதான். வெளிநோயாளர் வரிசைக்குப் பக்கத்துச் சிகிச்சை அறை என் ராச்சியம். காயம் கட்டுவது, ஊசி போடுவது, கண்ணுக்கும் காதுக்கும் மருந்து விடுவது எல்லாம் அந்த அறையில். மீன் கூடையோடு உள்ளே வந்தால் கத்துவேன். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கத்துவேன். சும்மா நின்று வேடிக்கை பார்த்தாலும் கத்துவேன். எங்களை மிஸ்ஸி என்று கூப்பிடுகிற சனம் எனக்குக் கொச்சிக்கா மிஸ்ஸி, அதாவது மிளகாய் மிஸ்ஸி, என்று பேர் வைத்திருந்தது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்படி இருந்த அறைக்குள் சுகந்தி மாற்றலாகி வந்தாள். உடப்பு ஊர்ப் பிள்ளை, என் மகள் வயது. குரல் பாணிப் போத்தலைச் சரித்த மாதிரி இனிப்பாக வழியும். வந்த புதிதில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டாள். ஆஸ்பத்திரிக் கேற்றைக் கண்டாலே வீரிட்டு அழுகிற குழந்தை, அன்றைக்கு அழவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தத் தாய் வெளியே போய், "அந்தப் புள்ளட கை ராசியான கை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை மீன்வாடிக்குப் போய், வெங்காயத் தோட்டமெல்லாம் சுற்றி, பள்ளிவாசல் சந்திக்கு வந்துசேர எத்தனை நேரம் பிடிக்கும்?

அறையில் நோயாளி உட்கார இரண்டு கதிரைகள். ஒன்று என் பக்கம், மற்றது அவள் பக்கம். அவள் பக்கத்து வரிசை வாசலைத் தாண்டி மாமரம் வரைக்கும் போகும். என் கதிரையில் ஈ உட்காரும். அவள் மேசைக்கு அடியில் பார்த்தால் ஒருநாள் கருவாட்டுப் பார்சல், ஒருநாள் வெங்காயக் கட்டு, ஒருநாள் வட்டிலப்பம். எனக்கு என் சொந்த ஊர்ச் சனம் ஒரு வெங்காயத் தோலும் கொண்டுவந்ததில்லை.

எல்லாவற்றிலும் கூடுதலாகச் சுட்டது என் தங்கச்சிதான். கூடப் பிறந்தவள். காலில் ஆணி குத்தி வந்தவள் என் கதிரையைத் தாண்டிப் போய் அவள் பக்கத்து வரிசையில் நின்றாள்.

"என்னடி இது?" என்று கேட்டேன்.

"கோவிக்காதீங்க ராத்தா. ஒங்கட கையில மருந்து இரிக்கி. அவட கையில ராசி இரிக்கி."

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. வெள்ளை யூனிபோம் போட்டால் பொறாமை வராது என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்படிச் சிரிக்கிறாள், யாரை மாமி என்கிறாள், யாரை உம்மா என்கிறாள், எந்தக் கையால் எதை எடுக்கிறாள், எல்லாம் பார்த்தேன். அவளுடைய கண்ணிமை மயிர் நீளமானது. கண்ணாடி முன்னால் நின்று என்னுடையதையும் பார்த்தேன் என்றால் விளங்கும்தானே, எந்த நிலையில் இருந்தேன் என்று.

அந்த வருடம் கச்சான் காற்று பலமாக அடித்தது. கச்சான் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லாருடைய கண்ணும் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். மணல் பறக்கும், வெங்காயம் பிடுங்குகிறவர்களுக்குக் கண் எரியும், தோணிக்காரருக்கு உப்புக் காற்று. அதனால் கண்நோய் உள்ளே நுழைந்ததை முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு வீட்டில் ஒருவர், அடுத்து அந்த வீடே, அடுத்து பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே என்று வரத் தொடங்கியது. கண் இரத்தமாகச் சிவந்து, இமை வீங்கி, காலையில் பீளை ஒட்டித் திறக்க முடியாமல் வந்து நின்றார்கள்.

இங்கே ஒரு சின்னக் கதையை இடையில் சொல்லவேண்டும். அப்போது எங்களுக்கு இருந்த டொக்டர் சிலாபம் பக்கத்துச் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார், சத்தம் போடாத மனிதர். அந்த நாட்களில் ஒரு மீனவர் சிவந்த கண்ணோடு வந்தார். நான் தூரத்திலிருந்தே பார்த்து, இதுவும் அதுதான் என்று கையைக் காட்டிவிட்டேன். டொக்டர் அவரைக் கூப்பிட்டு, "வாசலைப் பாருங்க, வெளிச்சத்தப் பாருங்க" என்றார். அந்த மனிதர் வெளிச்சத்தைப் பார்த்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு, கடும் நோவு, பார்வையும் மங்கல். வலை உதறும்போது மீன் முள் கருவிழியில் பட்டிருக்கிறது. அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார், கண் தப்பியது. பிறகு என்னிடம், "மிஸ்ஸி, சீசன்ல எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பாத் தெரியும். ஒரு கேள்வி கேட்டுட்டுக் கையைக் காட்டுங்க" என்றார். கோபித்துச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். மெதுவாகச் சொன்னதால் மறக்கமுடியவில்லை.

அதுமுதல் கேட்டேன். வெளிச்சம் குத்துகிறதா, பார்வை மங்கலா, கடும் நோவா, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் டொக்டரிடம். பிறந்த பிள்ளை என்றால் கேள்வியே இல்லை, டொக்டரிடம். மற்றவர்களுக்குச் சொன்னது எல்லாம் சின்னச் சின்ன விஷயம்தான். இது பெரும்பாலும் வைரஸ் கிருமி, தன்பாட்டில் வந்து தன்பாட்டில் போகும். கொதித்து ஆறின தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்து ஒற்று, ஒரு கண்ணுக்கு ஒற்றின துணியை மற்றக் கண்ணுக்குக் கொண்டுபோகாதே. துவாயும் தலையணையும் உனக்கு மட்டும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. பார்மசியில் நீயாகச் சொட்டு மருந்து வாங்காதே, பக்கத்து வீட்டில் மிஞ்சினதையும் விடாதே, பிழையான மருந்து கண்ணையே கெடுக்கும்.

சனம் கேட்குமா? நோய்க்காரரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிவிடும் என்று எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டு, அதே கையால் கண்ணைக் கசக்கி, அதே கையால் பாணைப் பிய்த்துப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். தாய்ப்பால் விட்டார்கள், பன்னீர் விட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகுமுன் வாப்பாவும் மகனும் மருமகனும் ஒரே குச்சியால் கண்ணுக்குச் சுர்மா மை போட்டார்கள். "சுர்மாவை ஒரேயடியா உடச் சொல்லல்ல. நோவு மாறும்வரைக்கும் போடாதீங்க, குச்சியப் பங்குபோடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "கொச்சிக்கா இப்ப சுர்மாவுக்கும் வந்துட்டு" என்று சிரித்தார்கள்.

சுகந்தி கத்தவில்லை. அவளும் இதே விஷயங்களைத்தான் சொன்னாள், பாணிக் குரலில் சொன்னாள். ஆனால் அவளிடம் சனம் வேறு ஒன்று கேட்டது. டொக்டர் எழுதின மருந்துத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "மிஸ்ஸி, மொதச் சொட்ட நீங்களே விட்டு விடுங்க, ஒங்கட கை பட்டா மாறிடும்" என்றார்கள். அவள் விட்டாள். அடுத்ததுதான் நீங்கள் கேட்கவேண்டியது. அவள் கையுறை போட்டுக்கொண்டு விட்டபோது ஒரு பெண், "கிளவுஸ் போட்டா ராசி எப்பிடி மிஸ்ஸி வரும்? அதக் கழட்டிட்டு ஒருக்காத் தொட்டு விடுங்க" என்றாள். சுகந்தி சிரித்தாள், கழற்றினாள். அடுத்தவளும் கேட்டாள். அதற்குப் பிறகு கையுறைப் பெட்டி மேசையில் சும்மா கிடந்தது.

கை கழுவினாளா என்றால், கழுவினாள். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் கழுவினாள். எங்கள் பைப்பில் தண்ணீர் நூலாகத்தான் வரும். வரிசை மாமரத்தடி வரைக்கும் நிற்கும்போது, வெயிலில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்க்கும்போது, கழுவுவது குறைந்துகொண்டே போகும். கன்னத்தில் வழிகிற கண்ணீரைத் தன் பெருவிரலால் துடைத்துவிடுவாள். அதைப் பார்த்துச் சனம் உருகும். நான் பார்த்து வெந்துகொண்டிருந்தேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. காலில் புண் கட்ட வந்து, அவள் கதிரையில் உட்கார்ந்து, அவளிடம் தலை தடவப்பட்டுப் போன மனிதர் சிவந்த கண்ணோடு திரும்பி வந்தார். ஊசிக்கு வந்த பிள்ளையும் வந்தது. என் தங்கச்சியும் வந்தாள், இரண்டு கண்ணும் பழுத்து.

இந்த இடத்தில் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? பார்த்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் பார்த்தது என் கண்ணா, என் வயிற்றெரிச்சலா? நோய் ஊரெல்லாம் திரிகிறது, வீட்டிலும் ஒட்டியிருக்கலாம், பள்ளிக்கூடத்திலும் ஒட்டியிருக்கலாம். ஏன் அவள் கையில்தான் கொண்டுபோய் வைக்கிறேன்? அட்டென்டன் ஜெஸிமாவிடம் வாயை விட்டேன். அவள் பஞ்சை உருட்டிக்கொண்டே, "மிஸ்ஸி, இத வெளிய சொல்லாதீங்க. ஒங்களுக்கு எரியுதெண்டுதான் சனம் சொல்லும்" என்றாள். அதில் என்ன பொய்? எரியத்தான் செய்தது.

ஆனால் எரிகிற ஆள் சொன்னால் நெருப்பு இல்லை என்று ஆகிவிடுமா? டொக்டரிடம் போய்ச் சொன்னேன். சுகந்தியின் பெயரைச் சொல்லவில்லை, அறையில் நடப்பதைச் சொன்னேன். அவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, கையுறை கட்டாயம், ஒவ்வொருவருக்கும் கை கழுவு, ஆளுக்கு ஒரு மருந்துப் போத்தல், கண்ணில் நாமே விடாமல் அவர்களுக்குச் சொல்லிக்கொடு என்று சொன்னார். சுகந்தி தலையாட்டினாள். அன்றைக்குக் கையுறை போட்டாள். மறுநாள் ஒரு பெண் கண்கலங்கிக் கேட்டதும் கழற்றினாள்.

இனி பரீதாவைப் பற்றி. வடக்கிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியேறிய குடும்பத்துப் பெண். தலவில ரோட்டுப் பக்கம் தனியாக ஒரு வீட்டில் இருந்து தையல் மெஷின் ஓட்டிப் பிழைத்தார். பள்ளிக்கூட யூனிபோம் தைத்தால் ஊருக்குள் அவரை மிஞ்ச ஆளில்லை. சின்ன வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரு கண்ணிலும் சீனி வியாதியால் வெள்ளை படர்ந்து, மெஷினில் நூல் கோர்க்கவும் முடியாமல், தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் அந்தக் கண்ணை வெட்டி லென்ஸ் வைத்தார்கள். சொட்டு மருந்து விட வீட்டில் ஆள் இல்லை, தானாக விடக் கை நடுங்குகிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டி விட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

வெட்டின காயம் ஆறாத கண். இருக்கிறதே அந்த ஒரு கண்தான். அதற்குள் கிருமி போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பரீதா வந்த அன்று டொக்டர் புத்தளத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அறை நிறையச் சனம், பாதிப்பேர் கண்நோய்க்காரர். பரீதா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, ஒரு யோசனையும் இல்லாமல் சுகந்தியின் கதிரையில் உட்கார்ந்தார். முன்னால் நின்றவர்களே வழிவிட்டார்கள். "பாவம், ஒத்தக் கண்ணு. ராசியான கையால மொதச் சொட்டு விழட்டும்" என்று யாரோ சொன்னார்கள். சுகந்தி போத்தலை வாங்கி மூடியைத் திறந்தாள். கையுறை இல்லை.

நான் வழமைபோல அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைத் திருப்பித் தோளால் இடது கண்ணைத் துடைத்தாள். திரும்பிக் கண் சிமிட்டினாள், மறுபடியும் சிமிட்டினாள். எனக்குப் பொறாமை தந்த அந்த இமை மயிர் இடது பக்கம் மட்டும் நனைந்து, முனை முனையாகச் சேர்ந்து ஒட்டியிருந்தது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. அவளை விரும்புகிறவர்கள் அவள் சிரிப்பைப் பார்த்தார்கள்.

எழுந்துபோய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். "சுகந்தி, போத்தல வெச்சிட்டுக் கைய எடு."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன ராத்தா?"

"கண்ணுல என்ன?"

"தூசி ராத்தா. கச்சான் காத்து."

தூசியாகவும் இருக்கலாம். அந்தக் காற்றில் யாருக்குத்தான் தூசி விழாது? என் பின்னால் சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. "வயித்தெரிச்சல் புடிச்ச மனுசி." "கொச்சிக்காக்கி எரியுது, வேற என்ன?" ஒருவர் எழுந்து நின்றே, "ஒங்கட கதிரைக்கி ஆள் வரல்லண்டா அதுக்கு அந்தப் புள்ள என்ன செய்யும்?" என்று கேட்டார். பரீதா என் யூனிபோமின் ஓரத்தைப் பிடித்தார்.

"எனக்கு இரிக்கிறது ஒரு கண்ணு, மிஸ்ஸி. அதுக்கு ராசியான கைதான் வேணும். நீங்க ஏன் குறுக்க நிக்கிறீங்க?"

"ஒரு கண்ணுதான் இரிக்கி எண்டுதான் குறுக்க நிக்கிறேன்."

வாய் சொல்லிவிட்டது. அது தூசிதான் என்றால் என் கதி என்ன? இந்த ஊரில் நான் சாகும்வரைக்கும் பொறாமைக்காரிதான். என் தங்கச்சியே கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அது தூசி இல்லை என்று இருந்து, நான் மரியாதை பார்த்து என் கதிரைக்குத் திரும்பிப் போனால்? போவது பரீதாவின் கண். என் பேர் கெட்டால் கெட்டபடி நான் சோறு தின்னலாம். அவர் கண் கெட்டால் எதை வைத்துத் தின்பார்? யோசித்தது இவ்வளவுதான். நிறைய யோசித்தேன் என்று சொன்னால் பொய்.

டொக்டர் சொன்னபடி ஒரு கேள்வி கேட்டேன். "சுகந்தி, அல்லாஹ்வுக்காகச் சொல்லு. காலையில எழும்பக்குள்ள கண்ணு ஒட்டிக் கிடந்திச்சா?"

தூசி விழுந்த கண் காலையில் ஒட்டிக் கிடக்காது. அது அவளுக்கும் தெரியும். அவள் பொய் சொல்லியிருக்கலாம், அந்த அறையே அவள் பக்கம் நின்றது. அவள் போத்தலை மேசையில் வைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஓம் ராத்தா. சுடுதண்ணியில கழுவித்தான் தொறந்தன்."

"பொறகு ஏன் வேலைக்கு வந்த?"

"நான் வரல்லண்டா சனம் திரும்பிப் போயிடும் ராத்தா."

எழுந்து நின்ற மனிதர் உட்கார்ந்தார். சுகந்தி என்னைப் பார்க்காமல் வெளியே போனாள். அவளுடைய கதிரையில் பரீதா தனியாக இருந்தார், தலையைத் தூக்கிக்கொண்டு, ஒரு பக்கமும் பார்க்கத் தெரியாமல்.

"அப்ப நீங்களாவது விடுங்க, மிஸ்ஸி" என்றார்.

பிள்ளைகளே, எத்தனை மாதமாக நான் காத்துக்கிடந்த வார்த்தை அது! அவளுடைய வரிசை, அவளுடைய கதிரை, ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது, என் கையைக் கேட்கிறார்கள். கையை நீட்டினேன். நீட்டின கையைப் பார்த்தேன். காலையிலிருந்து அந்தக் கை யாரைத் தொட்டது? கண்நோய்க்காரரைத்தான். கையுறை போட்டுத் தொட்டேன், கழுவினேன், உண்மை. ஆனால் எழுதின பேனையைக் கழுவினேனா? கதவுப்பிடியை? அறைக்குள் நின்ற ஒவ்வொருவரும் தொட்ட அந்தப் பைப் திருகை? மற்ற நாளில் அவ்வளவு பார்க்கமாட்டேன். அவளைத் தடுத்த அதே வாயால் எனக்கு மட்டும் சலுகை கொடுக்க முடியவில்லை. நெஞ்சு எவ்வளவு கசந்தது தெரியுமா? அழுகையே வந்தது.

"நானும் விடமாட்டேன். எழும்புங்க, இந்த அறையில இரிக்க வேணாம்" என்றேன்.

ஆண்கள் வார்ட்டில் நிமல் என்ற ஆண் தாதி இருந்தார். கண்நோய்க்காரரை அவர் பக்கத்துக்கு விடவில்லை, அவரும் அன்றைக்கு யாருடைய கண்ணையும் தொடவில்லை. பெரிய உருவம், தமிழ் அரைகுறை, அவருடைய கையில் ராசி இருக்கிறது என்று உலகத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அவரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவைத்து, புதுக் கையுறை போடவைத்து, வார்ட்டின் பின்பக்க வராந்தாவில் பரீதாவை உட்காரவைத்தோம். சுகந்தியின் கையில் போத்தலின் வாய் பட்டுவிட்டதோ என்று எனக்குப் பயம், புதுப் போத்தல் எடுக்கச் சொன்னேன்.

"அம்மா, மேல பாக்க. பயம் வேணாம்" என்றார் நிமல். சொட்டு சரியாக விழுந்தது. பரீதா முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தார், கசாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி.

பிறகு அவரை ஆஸ்பத்திரிக்கே வரவிடவில்லை. நோய் பரவுகிற நாட்களில் ஆறாத கண்ணுக்கு ஆஸ்பத்திரி வரிசையைவிட ஆபத்தான இடம் கிடையாது. கண்நோய் வராத ஒரு பக்கத்து வீட்டு மாமிக்குக் கை கழுவுவதிலிருந்து, போத்தல் வாய் இமையில் முட்டாமல் பிடிப்பதுவரைக்கும் நிமல் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். டொக்டர் திரும்பி வந்து எல்லாம் கேட்டுவிட்டு, "சரி" என்றார். அந்த மனிதரிடம் அதுவே பெரிய பாராட்டு.

சுகந்தியின் நோய் மற்றக் கண்ணுக்கும் தாவி, இமை இரண்டும் வீங்கி, அவள் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் அடைந்து கிடந்தாள். தாதிக்குக் கண்நோய் வந்தால் கண்ணீர் வடிவது நிற்கும்வரைக்கும் நோயாளியைத் தொடக்கூடாது, அதில் வீரம் காட்ட இடமில்லை. வரிசை என் பக்கம் வந்தது. கையுறையைக் கழற்றச் சொல்லி என்னை ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? வாயைத் திறக்குமுன் கத்திவிடுவேனே. கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்த கண்கள் குறைந்தன. நோய் தன்பாட்டில் அடங்கியதோ, சவர்க்காரம் அடக்கியதோ, சத்தியம் பண்ணமாட்டேன்.

ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோய் அவளுடைய ஜன்னலில் வைத்தேன். உள்ளே போகவில்லை. அவள் ஜன்னலண்டை வந்தாள். கண் இரண்டும் கோடாக இருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் அழகாகத்தான் இருந்தாள்.

"ராத்தா, கண் எரியுதெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

"நான் ஒன்னயேதான பாத்துக்கிட்டு இரிந்தன்."

"ஏன்?"

"ஏனா? பொறாமதான். வேற என்ன?"

சிரித்தாள். சிரித்ததில் கண் நொந்து கையைக் கொண்டுபோனாள். "தொடாத! கைய எடு!" என்று கத்தினேன். கையை இறக்கினாள்.

"எனக்கும் ஒங்களப் பாத்துப் பொறாமதான் ராத்தா" என்றாள். "ஒங்களுக்கு ஏலாதெண்டு சொல்லத் தெரியுது. எனக்கு அந்தச் சொல் வாயில வருதில்ல. சொன்னா என்ன விரும்பமாட்டாங்களோ எண்டு பயம்."

அவள் பொறாமைப்பட ஒன்று என்னிடமும் இருக்கிறது என்பது இனிக்கத்தான் செய்தது, மறைக்கமாட்டேன். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நோயாளிக்குப் பிடித்த ஆளாக இருங்கள், நல்லது. ஆனால் கையுறையைக் கழற்றச் சொல்லுமளவுக்குப் பிடித்தவராகிவிடாதீர்கள். இன்னொன்று, உங்களைக் கண்டால் எரிகிற ஒருவர் எந்த ஆஸ்பத்திரியிலும் இருப்பார். அவர் ஒரு பிழையைச் சொன்னால், எரிவதால் சொல்கிறார் என்று தள்ளிவிடாதீர்கள். எரிகிற ஆள்தான் உங்களை அவ்வளவு உற்றுப் பார்க்கிறார்.

சுகந்தி திரும்பி வந்தாள், கையுறையோடு. இந்தமுறை யார் கேட்டும் கழற்றவில்லை, முதல் தடவை மறுத்தபோது அவள் குரல் நடுங்கியதை நான் கேட்டேன். வரிசை? திரும்பவும் அவள் பக்கம்தான், மாமரத்தடி வரைக்கும். கையுறைக்கு மேலாலும் ராசி வரும் என்று சனம் தீர்மானித்துவிட்டது.

கச்சான் ஓய்ந்த பிறகு ஒருநாள் பரீதா வந்தார். சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. நேராகச் சுகந்தியிடம் போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், தெளிவாத் தெரியுது மிஸ்ஸி. ஒங்கட கை படாமலே ஒங்கட ராசி வேல செஞ்சிட்டு" என்றார். தைத்துக் கொண்டுவந்த ஒரு பூப்போட்ட தலையணை உறையை அவள் மடியில் வைத்தார். சுகந்தி என்னைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பரீதா கேட்கிற நிலையில் இல்லை.

போகிற வழியில் என் கதிரைக்கு முன்னால் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானே அண்டைக்கிக் கத்தினது?" என்றார்.

"ஓம்."

"ஒங்கட யூனிபோம் கைமடிப்புத் தையல் பிரிஞ்சி நிக்கிது" என்றார்.

குனிந்து பார்த்தேன். எனக்கே தெரியவில்லை, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், ஒரு சின்னப் பிரிவு. பரீதா பையிலிருந்து ஊசியை எடுத்தார், நூலை நாக்கில் நனைத்தார், ஒரே குத்தில் ஊசிக்குள் விட்டார். என் கையைப் பிடித்து மேசையில் வைத்துத் தைக்கத் தொடங்கினார்.

"பாத்தீங்களா" என்று நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னார், "எல்லாம் சுகந்தி மிஸ்ஸியிட ராசி."

வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனாலும் கையை ஆட்டாமல் வைத்திருந்தேன், தையல் கோணிவிடக்கூடாதே என்று.